வயர்லெஸ் டிரைவர் கோட்டில் திரும்பத் திரும்ப வரும் இஃப்களை ஹெல்பராக மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்திலும் படிக்கிற பிள்ளைகள் சிலரும், கிளிநொச்சி, மாங்குளம் பக்கம் ரவுட்டர் திருத்துகிற கடைகளில் நிற்கிற இரண்டொரு பெடியளும் லினக்ஸின் மையமான கேர்னலில் இருக்கிற, வைஃபை சிப்களை ஓட்டுகிற வயர்லெஸ் டிரைவர்களைத் திறந்து பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. எல்லோரும் முதலில் பிடிக்கிற வேலை ஒன்றுதான்: ஒரே நிபந்தனை பல இடத்தில் கிடக்கிறது, அதை ஒரு சின்ன ஃபங்ஷனாக, அதாவது ஹெல்பராக, எடுத்து எல்லா இடத்திலும் அதைக் கூப்பிடுவது. வெளியில் நின்று பார்த்தால் சுகமான வேலை. இறங்கினால் ஒரே சந்தேகங்கள்தான் எல்லோருக்கும் வருகின்றன, தனித்தனியாகப் பதில் எழுதி முடியவில்லை, அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு இங்கே சேர்த்திருக்கிறேன்.

சி மொழி ஓரளவு தெரியும் என்று வைத்துத்தான் எழுதுகிறேன். ஃபங்ஷன் பெயர்களை வாயால் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன். கேர்னலில் தேடும்போது சொற்களுக்கு நடுவே அடிக்கோடு போட்டுத் தேடுங்கள்.

அண்ணை, எல்லாக் கோட்டிலயும் இஃப் இருக்குந்தானே, வயர்லெஸ் டிரைவரில மட்டும் என்ன புதினம்?

எண்ணிக்கைதான் முதல் புதினம். ஒரே டிரைவர் பல தலைமுறைச் சிப்களை ஓட்டவேண்டும், 2.4, 5, 6 கிகாஹெர்ட்ஸ் என்று வெவ்வேறு அலைவரிசைப் பேண்டுகளில் ஓட்டவேண்டும், அதே இன்டர்ஃபேஸ் ஒருநேரம் ஸ்டேஷனாகவும் (இணைகிற போன் மாதிரி) இன்னொரு நேரம் ஏபியாகவும் (இணைப்புக் கொடுக்கிற ரவுட்டர் மாதிரி) மொனிட்டராகவும் (காற்றில் போவதைக் கேட்டுக்கொண்டிருப்பது) இருக்கும். இதற்கு மேல் சிப் தூக்கத்தில் இருக்கிறதா, ரீசெட் நடக்கிறதா என்ற நிலைகள் வேறு. இவை ஒன்றோடொன்று பெருகுவதால் ஒரு பக்கெட்டை அனுப்புகிற பாதையிலேயே நாலு ஐந்து நிபந்தனைகள் வரிசையாக நிற்கும்.

ஒரு உதாரணம். பல டிரைவர்களில் இப்படி ஒரு வரியைக் காண்பீர்கள்: "இன்டர்ஃபேஸ் வகை ஏபி, அல்லது மெஷ் பொயின்ட், அல்லது அட்ஹாக் என்றால்". இது மூன்று ஒப்பீடுகள். ஆனால் எழுதியவர் மனதில் இருந்த கேள்வி ஒன்றே ஒன்று: இந்த இன்டர்ஃபேஸ் பீக்கன், அதாவது தன் வலையமைப்பு இங்கே இருக்கிறது என்ற அறிவிப்பு, அனுப்புகிறதா? அந்தக் கேள்வி கோட்டில் எங்கேயும் எழுதப்பட்டிருக்காது, வாசிக்கிற ஒவ்வொருவரும் மூன்று பெயரையும் பார்த்துத் தாங்களாகவே ஊகிக்கவேண்டும். ஹெல்பர் என்பது அந்தக் கேள்வியை ஒரு பெயராக எழுதிவைப்பது.

வேலை செய்யுற கோட்டில ஏன் சும்மா கை வைப்பான்? ஓடுது, விட்டுட்டுப் போகலாமே?

இன்றைக்கு ஓடுகிறது. 6 கிகாஹெர்ட்ஸ் பேண்ட் வந்தபோது என்ன நடந்தது என்று பாருங்கள். அதுவரை உலகத்தில் இரண்டு பேண்டுதான் என்ற நினைப்பில், 2.4 இல்லையென்றால் 5 என்று எழுதப்பட்ட கோட் ஏராளம். புதிய பேண்ட் வந்தபின் அந்த இடங்கள் ஒவ்வொன்றையும் தேடிப் போய், இங்கே 6க்கு என்ன செய்வது என்று யோசிக்கவேண்டி வந்தது. ஒன்றைத் தவறவிட்டாலும் கொம்பைலர் எதுவும் சொல்லாது, பிழைச் செய்தியும் வராது, பேசாமல் பிழையான பாதையில் போகும்.

இரணைமடுக் குளத்தில் வான் கதவைத் திறக்கிற முடிவை ஒவ்வொரு கமக்காரரும் தன் வயலில் நின்று எடுப்பதில்லை, குளத்தடியில் நீர்ப்பாசனத் திணைக்களம் ஒரே இடத்தில் எடுக்கிறது. அதே மாதிரித்தான் "பீக்கன் அனுப்புகிறதா" என்ற முடிவும் ஒரு இடத்தில் இருக்கவேண்டும். நாளைக்குப் புதிய வகை இன்டர்ஃபேஸ் வந்தால் ஒரு ஃபங்ஷனைத் திருத்துவீர்கள். வரி குறைவது இரண்டாம்பட்சம், வரி குறையாவிட்டாலும் செய்யத் தகுந்த வேலை இது.

கேர்னலுக்குள்ள ஏற்கெனவே இப்பிடியான ஹெல்பர் இருக்கோ, நாங்கள்தான் எழுதவேணுமோ?

நிறைய இருக்கிறது, புதிதாக எழுதமுன் தேடிப் பாருங்கள். 802.11, அதாவது வைஃபை தரத்தின் ஃபிரேம் (காற்றில் போகிற பொதி) ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் 16 பிட் ஃபிரேம் கன்ட்ரோல் இருக்கும். அதற்குள் இரண்டு பிட் ஃபிரேமின் வகையையும் நாலு பிட் உட்பிரிவையும் சொல்லும். முந்தி ஒவ்வொரு டிரைவரும் அதைத் தானே மாஸ்க் போட்டுப் பிரித்துப் பார்த்தது. 2008இல் 'ஐட்ரிபிள்ஈ80211 இஸ் டேட்டா', 'இஸ் மேனேஜ்மென்ட்' போன்ற சின்ன ஹெல்பர்கள் பொதுத் தலைப்புக் கோப்புக்குள் வந்தன. அவற்றின் கெட்டித்தனம் இதுதான்: ஃபிரேமில் இருக்கிற எண் லிட்டில் எண்டியன் (சிறிய பைட் முதலில் வருகிற வரிசை). அதைத் திருப்பாமல், ஒப்பிடுகிற மாறிலியைக் கொம்பைல் நேரத்திலேயே திருப்பி வைத்து ஒப்பிடுகிறார்கள். ஓடும் நேரத்தில் ஒரு செலவும் இல்லை.

இது இங்கே எங்களுக்குச் சும்மா கதையில்லை. கடைகளுக்குத் திருத்த வருகிற பழைய ஏதரோஸ் சிப் ரவுட்டர்களில் பல மிப்ஸ் புரொசெசர், பிக் எண்டியன் (பெரிய பைட் முதலில்). லப்டொப்பில் சரியாக ஓடுகிற கையால் எழுதிய மாஸ்க், ஓபன்டபிள்யூஆர்டி என்கிற லினக்ஸ் மென்பொருள் போட்ட அந்த ரவுட்டரில் பிழைக்கும். ஹெல்பரைப் பாவித்தால் அந்தப் பிரச்சினை வராது. கூடவே ஸ்பார்ஸ் என்கிற சோதனைக் கருவியை, கொம்பைல் செய்கிற மேக் கட்டளையோடு சி=1 என்று கொடுத்து ஓட்டிப் பாருங்கள்; எண்டியன் கலந்த இடங்களைக் காட்டித்தரும்.

மெக் முகவரிக்கும் (ஒவ்வொரு கருவியின் வலையமைப்பு முகவரி) அப்படித்தான். 'இஸ் மல்டிகாஸ்ட் ஈதர் அட்ர்', பலருக்கு ஒரேயடியாக அனுப்புகிற முகவரியா என்று அறிய, முதல் பைட்டின் கடைசி பிட்டைப் பார்க்கிறது. எல்லோருக்கும் போகிற பிரோட்காஸ்ட் முகவரியில் எல்லாப் பிட்டும் ஒன்று, ஆகவே அதுவும் மல்டிகாஸ்ட்தான். "மல்டிகாஸ்ட் அல்லது பிரோட்காஸ்ட் என்றால்" என்று இரண்டையும் கேட்கிற இஃப் கண்டால் இரண்டாவதை எடுத்துவிடலாம், ஹெல்பர்கூடத் தேவையில்லை.

மேக்ரோவாப் போடுறதோ, ஸ்டாட்டிக் இன்லைனாப் போடுறதோ?

ஸ்டாட்டிக் இன்லைன். மேக்ரோ தன் ஆர்கியுமென்டை எத்தனை தடவை எழுதியிருக்கிறதோ அத்தனை தடவை கணக்கிடும், வகைச் சோதனையும் இல்லை. கேர்னலின் கோடிங் ஸ்டைல் ஆவணமும் ஃபங்ஷன் மாதிரி வேலை செய்கிற மேக்ரோவைவிட இன்லைன் ஃபங்ஷனைத்தான் விரும்புகிறது. பழைய டிரைவர்களில் மேக்ரோக்கள்தான் நிறைந்து கிடக்கும். அந்தக் கோப்பின் வழக்கத்தோடு ஒத்துப்போகிற சின்ன மேக்ரோ என்றால் சண்டை பிடிக்காதீர்கள்.

இன்னொன்று. மூன்று வரிக்கு மேல் போகிற ஃபங்ஷனுக்கு இன்லைன் போடாதே என்பது அதே ஆவணத்தின் கைக்கணக்கு. ஹெல்பர் ஒரே ஒரு சி கோப்புக்குள்தான் பாவிக்கப்படுகிறதென்றால் ஸ்டாட்டிக் மட்டும் போட்டு மற்றதைக் கொம்பைலரிடம் விடுங்கள்.

பேர் வைக்கத்தான் கனநேரம் போகுது. என்னண்டு வைக்கிறது?

கனநேரம் போகட்டும், அதுதான் வேலையே. ஆம் இல்லை என்று பதில் வரும் கேள்வியாகப் பெயர் இருக்கவேண்டும், பூல் திருப்பவேண்டும். கோடிங் ஸ்டைல் ஆவணம் இதைத் தெளிவாகப் பிரிக்கிறது: பெயர் ஒரு கட்டளை மாதிரி இருந்தால் வெற்றிக்குச் சுழியமும் தோல்விக்குப் பிழை எண்ணும் திருப்பு, கேள்வி மாதிரி இருந்தால் உண்மை பொய் திருப்பு. இரண்டையும் கலந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கேர்னலிலேயே சாட்சி இருக்கிறது. 'கம்பேர் ஈதர் அட்ர்' என்று ஒரு ஃபங்ஷன் இருந்தது. இரண்டு மெக் முகவரியும் சமமென்றால் சுழியம் திருப்பும். ஆகவே சமமா என்று கேட்க முன்னால் 'இல்லை' குறி போடவேண்டும். வாசிக்கிறவருக்கு அது "ஒப்பிடாவிட்டால்" என்று தெரியும். 2012இல் 'ஈதர் அட்ர் ஈக்குவல்' வந்து, வயர்லெஸ் டிரைவர்கள் உட்பட எல்லா இடத்திலும் அதை மாற்றினார்கள். உள்ளே செய்கிற வேலை அதேதான், பெயரும் திருப்புகிற விதமும் மட்டும்தான் மாறியது.

எதிர்மறைப் பெயர் வேண்டாம். 'நொட் ரெடி' என்று வைத்தால் நாளைக்கு ஒருவர் அதற்கு முன்னாலும் 'இல்லை' போடுவார், பிறகு அந்த வரியை வாசிக்கத் தாளும் பேனையும் வேண்டும்.

ஒரே இஃப் ஏழு இடத்தில கிடக்கு, ஒரு எழுத்துக்கூட மாறேல்ல. ஏழையும் ஒரே ஹெல்பராக்கலாம்தானே?

பொறுங்கள். இதுதான் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி. எழுத்து ஒன்றாக இருப்பதால் கேள்வி ஒன்றாகிவிடாது.

"பேண்ட் 2.4 கிகாஹெர்ட்ஸா" என்று ஏழு இடத்தில் கேட்கிற ஒரு டிரைவரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் போய் இஃபுக்குள் என்ன நடக்கிறது என்று வடிவாகப் பாருங்கள். மூன்று இடத்தில் 1, 2, 5.5, 11 எம்பிபிஎஸ் வேகங்களைப் பட்டியலில் சேர்க்கிறார்கள். அவற்றை டிரைவர் கோட்டில் பொதுவாகச் சிசிகே வேகங்கள் என்பார்கள், அவை 2.4இல் மட்டும்தான் உண்டு, மற்றப் பேண்டுகளில் ஆகக்குறைந்த வேகம் 6 எம்பிபிஎஸ்தான். அங்கே உண்மையான கேள்வி "இந்தப் பேண்டில் சிசிகே உண்டா". இன்னும் இரண்டு இடத்தில் புளூடூத்தோடு அன்டெனாவைப் பங்குபோடுகிற கணக்கு நடக்கிறது, ஏனென்றால் புளூடூத்தும் 2.4இல்தான் ஓடுகிறது. அங்கே கேள்வி "புளூடூத்தோடு மோதுமா". மிச்சம் இரண்டும் பவர் அட்டவணையில் எந்த வரிசையை எடுப்பது என்று பார்க்கின்றன, அவை மட்டும்தான் நேரடியாகப் பேண்டையே கேட்கின்றன.

ஏழையும் ஒன்றாக்கினால் என்ன கெட்டுப்போகும்? இன்றைக்கு ஒன்றும் இல்லை. நாளைக்குப் புளூடூத்துக்குத் தனி அன்டெனா வைத்த சர்க்கிட் போர்ட் ஒன்று வரும், மோதல் கணக்கு அதற்குத் தேவையில்லை. ஹெல்பரைத் திருத்தப்போனால் சிசிகே வேகங்களும் சேர்ந்து போய்விடும். ஆகவே இரண்டு ஹெல்பர் எழுதுங்கள், இரண்டின் உள்ளேயும் அதே ஒரு வரி ஒப்பீடு இருந்தாலும் பரவாயில்லை. மிச்ச இரண்டு இடத்தையும் அப்படியே விடுங்கள். அவை கேட்பதைத்தான் எழுதியிருக்கின்றன. இந்தப் பிரிப்பைச் செய்கிறவருக்குத்தான் டிரைவர் விளங்கியிருக்கிறது என்று நான் நினைப்பேன், தேடி மாற்றுகிறவருக்கு அல்ல.

ஆறு இடம் ஒரே மாதிரி, ஏழாவதில மட்டும் ஒரு ஒப்பீடு குறையுது. அது பக்கோ, வேணுமெண்டே விட்டதோ?

கோட்டைப் பார்த்து மட்டும் சொல்லமுடியாது, வரலாற்றைப் பாருங்கள். கோட்டின் வரலாற்றைக் காக்கிற கிட் கருவியில் பிளேம் போட்டால் அந்த வரி எந்தக் கொமிட்டில் (பதிவான மாற்றத்தில்) வந்தது என்று தெரியும், கொமிட் செய்தியில் காரணம் எழுதியிருக்கும். பலநேரம் ஆறு இடத்தையும் பிறகொருநாள் ஒருவர் திருத்தியிருப்பார், ஏழாவது அவர் கண்ணில் படவில்லை. சிலநேரம் தலைகீழாக, அந்த இடத்தில் குறிப்பிட்ட சிப் தொங்கிப்போனது என்று சோதித்துத்தான் விட்டிருப்பார்கள்.

எதுவானாலும் ஏழாவதை ஹெல்பர் பேட்சுக்குள் (அனுப்புகிற மாற்றத்துக்குள்) கலக்காதீர்கள். முதலில் ஆறையும் மாற்றுங்கள், "நடத்தையில் மாற்றம் இல்லை" என்று செய்தியில் எழுதுங்கள். ஏழாவது பிழையென்று உறுதியானால் அதற்கு வேறு பேட்ச், வேறு விளக்கம். அப்போதுதான் பிறகு ஏதாவது உடைந்தால் உடைத்த மாற்றத்தைத் தேடுகிற கிட் பைசெக்ட் சரியான பேட்சில் வந்து நிற்கும். திருத்தம், பிழைத்திருத்தங்கள் மட்டும் வாங்குகிற பழைய ஸ்டேபிள் கேர்னல்களுக்கும் போகவேண்டியதென்றால் அதையே முதலாவது பேட்சாக வையுங்கள், ஹெல்பர் இல்லாமலேயே பழையதில் ஒட்டும்.

சிப் நம்பரைப் பார்க்கிற இஃப்தான் கூட. 'இந்தச் சிப்போ, அந்தச் சிப்போ' எண்டு நீளமாப் போகுது. அதுக்கு?

மூன்று படி இருக்கிறது. முதலாவது, சிப்பைக் கேட்கிற ஹெல்பர். மீடியாடெக்கின் எம்டி76 டிரைவரில் 'இஸ் எம்டி7921', 'இஸ் எம்டி7922' என்று இருக்கின்றன. பிரயோசனம் என்னவென்றால், எம்டி7921 என்று பெட்டியில் போட்டிருக்கிற சிப், தன்னைக் கேட்டால் 7961 என்றுதான் சொல்லும். இந்தக் கிறுக்குத்தனம் ஒரு இடத்தில் அடைபட்டுக் கிடக்கிறது, மற்றவர்களுக்குத் தெரியவேண்டியதில்லை.

இரண்டாவது, "இதற்குப் பிறகு வந்தவை எல்லாம்" என்கிற வகை. ஏதரோஸ் சிப்களின் ஏடிஎச்9கே டிரைவரில் '9300 ஓர் லேட்டர்' மாதிரி மேக்ரோக்கள் இருக்கின்றன, பதிப்பு எண் இதற்குச் சமமா அல்லது இதைவிடப் பெரிதா என்று பார்க்கும். எண்கள் வரிசையாக ஏறுகிறவரைதான் இது சரி. சந்தையில் பெரிய எண் போட்டு விற்கிற சிப் உள்ளே பழைய குடும்பமாக இருக்கலாம். புதிதாக இந்த வகையை எழுதமுன் அந்தத் தலைப்புக் கோப்பில் பதிப்பு எண்களை வரிசையாகப் பாருங்கள்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: சிப்பைக் கேட்காமல் குணத்தைக் கேட்பது. ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு அட்டவணை வைத்து, "இந்த வசதி உண்டு, இந்தக் கோளாறு உண்டு" என்று அதில் எழுதிவிடுவது. ஏடிஎச்10கே டிரைவரில் எச்டபிள்யூ பராம்ஸ், ரியல்டெக்கின் ஆர்டிடபிள்யூ88 டிரைவரில் சிப் இன்ஃபோ என்று இருப்பவை அவைதான். புதிய சிப் வந்தால் ஒரு வரிசை கூடும், இஃப் ஒன்றிலும் கை வைக்கத் தேவையில்லை. நாலாவது சிப் பெயரை அதே இஃபில் சேர்க்கிறீர்கள் என்றால் நிறுத்திவிட்டு இதற்கு மாறுங்கள்.

ஒவ்வொரு பக்கெட்டுக்கும் ஃபங்ஷன் கூப்பிட்டா வேகம் குறையாதோ?

குறையாது. இவ்வளவு சின்ன ஃபங்ஷனைக் கொம்பைலர் அந்த இடத்திலேயே விரித்துவிடும், ஃபங்ஷன் அழைப்பே மிஞ்சாது. நம்பிக்கையில்லாவிட்டால் மாற்றமுன்னும் மாற்றியபின்னும் ஒப்ஜெக்ட் கோப்பைப் பிரித்து ஒப்பிடுங்கள். கேர்னலின் ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் ஒப்ஜ்டிஃப் என்று இதற்கே ஒன்று இருக்கிறது.

'இஸ் டேட்டா' ஹெல்பரைப் போட்டன், ஆனா டேட்டா இல்லாத ஃபிரேமும் உள்ள வருது. ஹெல்பர் பிழையோ?

ஹெல்பர் சரி, நீங்கள் கேட்க நினைத்தது வேறு. போன் தூங்கப் போகும்போது ஏபிக்குச் சொல்லிவிட்டுப் போக ஒரு வெற்று ஃபிரேம் அனுப்பும், நல் (வெறுமை என்ற ஆங்கிலச் சொல்) ஃபங்ஷன் என்பார்கள். உள்ளே ஒரு பைட் டேட்டாவும் இல்லை, ஆனால் வகை டேட்டாதான். 'இஸ் டேட்டா' வகையை மட்டும் பார்ப்பதால் உண்மை என்று சொல்லும். டேட்டாவைச் சுமக்கிற ஃபிரேம் மட்டும் வேண்டுமென்றால் 'இஸ் டேட்டா பிரசென்ட்' என்று இன்னொன்று இருக்கிறது, உட்பிரிவில் "டேட்டா இல்லை" என்று சொல்கிற பிட் அணைந்திருக்கிறதா என்றும் சேர்த்துப் பார்க்கும்.

ஆகவே கையால் எழுதிய மாஸ்க்கை ஹெல்பராக மாற்றும்போது பெயர் கிட்ட இருக்கிறது என்று போடாதீர்கள். பழைய மாஸ்க் எந்தப் பிட்டுகளைப் பார்த்தது, ஹெல்பர் எவற்றைப் பார்க்கிறது என்று தாளில் எழுதிச் சரிபாருங்கள், பதினாறு பிட்தானே.

ஹெல்பருக்குள்ள சிப்பின்ர ரிஜிஸ்டரை வாசிச்சுப் பதில் சொல்லலாமோ?

கூடியவரை வேண்டாம். 'இஸ்' என்று தொடங்குகிற பெயரைக் காண்கிறவர் அது செலவில்லாத கேள்வி என்று நினைத்து லூப்புக்குள் போடுவார், சிப் கூப்பிட்டவுடன் ஓடுகிற இன்டரப்ட் பாதையிலும் போடுவார். யூஎஸ்பி டொங்கிளில் ஒரு ரிஜிஸ்டர் வாசிப்பு என்பது ஒரு முழுக் கன்ட்ரோல் டிரான்ஸ்பர், காத்திருக்கவேண்டும், தூங்கக்கூடாத இடத்தில் அதைச் செய்யவே முடியாது. இன்னும் மோசமானது வாசித்தவுடன் தானாக அழிகிற ரிஜிஸ்டர்கள், இன்டரப்ட் நிலையைக் காட்டுகிறவற்றில் சில அப்படி. இரண்டு பேர் அந்த ஹெல்பரைக் கூப்பிட்டால் இரண்டாமவருக்கு வெறுமைதான் கிடைக்கும்.

வாசித்தேயாகவேண்டும் என்றால் பெயரில் 'ரீட்' என்று வரட்டும், மதிப்பை வெளியில் ஒருதடவை வாசித்து, அந்த மதிப்பை ஹெல்பருக்கு ஆர்கியுமென்டாகக் கொடுங்கள்.

லொக், ஆர்சியூ எல்லாம் ஹெல்பருக்குள்ள எடுக்கலாமோ?

லொக் என்பது ஒரே தரவில் இருவர் ஒரேநேரத்தில் கை வைக்காமல் காக்கிற பூட்டு. ஹெல்பர் லொக் எடுக்காமல், "லொக் ஏற்கெனவே கையில் இருக்கவேண்டும்" என்று உறுதிப்படுத்துவதுதான் பாதுகாப்பு. 'லொக்டெப் அசேர்ட் ஹெல்ட்' அதற்குத்தான். மறந்து கூப்பிட்டவர் சோதனைக் கேர்னலில் உடனே பிடிபடுவார். உள்ளே மியூடெக்ஸ் என்கிற, காத்திருக்கவைக்கிற லொக் எடுத்தால் மேலே ரிஜிஸ்டர் கேள்வியில் சொன்ன அதே வில்லங்கம், தூங்கக்கூடாத இடத்தில் தூங்குவது.

ஆர்சியூ என்பது வாசிக்கிறவர்களைக் காத்திருக்கவைக்காத ஒருவகைப் பாதுகாப்பு. அதில் அடிக்கடி காண்கிற பிழை ஒன்று: ஹெல்பர் உள்ளே ஆர்சியூ ரீட் லொக் எடுத்து, ஸ்டேஷனைத் தேடி, லொக்கை விட்டுவிட்டு, அந்தப் பொயின்டரைத் திருப்பித் தருகிறது. லொக் விட்ட கணமே அந்தப் பொயின்டருக்கு உத்தரவாதம் போய்விட்டது. உள்ளேயே பார்த்து முடித்து ஆம் இல்லை மட்டும் திருப்புங்கள், அல்லது லொக்கைக் கூப்பிடுகிறவரிடமே விடுங்கள். "ஸ்டேஷன் இருக்கிறதா, இருந்தால் அதன் வசதி என்ன" என்ற இரண்டு சோதனையையும் ஹெல்பருக்குள் கொண்டுபோகும்போது வரிசையும் மாறக்கூடாது, ஸ்டேஷன் இருக்கிறதா என்ற நல் சோதனை முன்னால் நிற்கவேண்டும்.

என்னட்ட அந்தச் சிப்பே இல்லை, வவுனியாக் கடையளில இருக்கிறது ரெண்டு மூண்டு டொங்கிள்தான். எப்பிடி டெஸ்ட் பண்ணுறது?

வெறும் ஹெல்பர் மாற்றத்துக்கு, வேகம் பற்றிய பதிலில் சொன்ன ஒப்ஜெக்ட் ஒப்பீடே பெரிய சாட்சி. கட்டளைகள் ஒன்றாகவே வந்தால் சிப்புக்கு வித்தியாசம் தெரிய வழியே இல்லை. வரி எண்ணைக் கோட்டுக்குள் பதிகிற மேக்ரோக்களால் சின்ன வேறுபாடு வரலாம், அதைக் கண்டு பயப்படவேண்டாம்.

எம்ஏசி80211 எச்டபிள்யூசிம் என்று ஒரு மென்பொருள் ரேடியோ கேர்னலிலேயே இருக்கிறது. அதை ஏற்றினால் வழமையாக இரண்டு பொய் ரேடியோ வரும், ஒன்றை ஏபியாகவும் மற்றதை ஸ்டேஷனாகவும் ஓட்டலாம், சிப்பே வேண்டாம். ஆனால் அது பொது அடுக்கைத்தான் சோதிக்கும், உங்கள் டிரைவரைத் தொடாது. கடைசியில் கொம்பைல் மட்டும்தான் செய்தீர்கள் என்றால் "கொம்பைல் மட்டும் செய்து பார்த்தது" என்று நேராக எழுதுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, கேர்னலில் அது வழமையான வசனம்.

முழுக் கேர்னலையும் இறக்கினா மாசத்து டேட்டா முடிஞ்சிடும். வேற வழி இல்லையோ?

இருக்கிறது. சுருக்கிய கேர்னல் பொதி ஏறத்தாழ 140 எம்பிதான், வாசிக்கவும் கொம்பைல் செய்து பார்க்கவும் அது போதும். கிட் வேண்டுமென்றால் ஆழம் 1 என்று கொடுத்து இறக்கலாம், ஆனால் அதில் வரலாறு வராது. ஏழாவது இடத்தின் கதைக்கு வரலாறு வேண்டும் என்று மேலே பார்த்தோம். ஒரு கோப்பின் வரலாற்றைக் கேர்னலின் கிட் இணையத்தளத்திலேயே பார்க்கலாம், சில பக்கங்கள்தான் செலவு. கொம்பைல் செய்யும்போதும் மேக் கட்டளைக்கு அந்த டிரைவரின் அடைவை மட்டும் கொடுங்கள், கரண்ட் போறதுக்கு இடையில் முடிந்துவிடும்.

நூறு இடத்தில மாத்தவேணும். கையால மாத்தினா விடிஞ்சிடும், எழுத்தைத் தேடி மாத்துற செட் கட்டளை போடலாமோ?

கொக்சினெல் பாவியுங்கள். பிரான்சில் இன்ரியா ஆராய்ச்சி நிறுவனத்தில் ஜூலியா லாவல் குழுவினர் கேர்னலுக்காகவே வளர்த்த கருவி. செட் எழுத்தைப் பார்க்கும். கொக்சினெல் சி கோட்டின் அமைப்பைப் பார்க்கும், வரி முறிந்திருந்தாலும் இடைவெளி கூடிக் குறைந்திருந்தாலும் கண்டுபிடிக்கும். 'ஈதர் அட்ர் ஈக்குவல்' மாற்றத்தையும் இதைக்கொண்டுதான் செய்தார்கள். பாவித்த விதியைக் கொமிட் செய்தியில் போட்டுவிடுங்கள், பார்க்கிறவர் தானும் ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் கருவிக்கு எழுத்தின் அமைப்புத்தான் தெரியும், சிசிகேயும் புளூடூத்தும் தெரியாது. வந்த ஒவ்வொரு மாற்றத்தையும் கண்ணால் பார்த்தே தீரவேண்டும்.

இப்பிடிச் சின்னச் சின்ன மாற்றம் அனுப்பினா டிரைவரைப் பொறுப்பாப் பாக்குற மெயின்டெய்னர்மார் எரிச்சல்பட மாட்டினமோ?

சிலர் படுவார்கள், நியாயமும் உண்டு. பழைய கோட்டில் நூறு வரி மாறினால், பிறகு ஒரு திருத்தத்தை ஸ்டேபிள் கேர்னலுக்குக் கொண்டுபோகும்போது ஒட்டாது, கையால் சரிசெய்ய ஒருவர் மினக்கெடவேண்டும். இரண்டே இடத்தில் வருகிற ஒற்றை ஒப்பீட்டுக்கு ஹெல்பர் வேண்டாம். புதிய சிப்போ வசதியோ சேர்க்கப்போகும் டிரைவரில், அந்த வேலைக்கு முன்னோடியாக ஹெல்பரைக் கொண்டுவந்தால் எல்லோரும் விருப்பத்தோடு வாசிப்பார்கள், ஏனென்றால் அடுத்த பேட்சிலேயே பயன் தெரிகிறது.

வைஃபை 7 வந்தாப் பிறகு நல்லா இருந்த ஹெல்பரே பிழைக்குது எண்டு சொல்லுறாங்கள், உண்மையோ?

உண்மை. 2022இல் வைஃபை 7இன் மல்டி லிங்க் வசதிக்கான அடிப்படை கேர்னலுக்குள் வந்தது. அதுவரை ஒரு இன்டர்ஃபேஸுக்கு ஒரே சேனல், ஆகவே "இந்த இன்டர்ஃபேஸ் 5 கிகாஹெர்ட்ஸிலா" என்ற கேள்விக்கு ஒரு பதில் இருந்தது. இப்போது ஒரே இணைப்பு ஒரே நேரத்தில் 5இலும் 6இலும் இரண்டு லிங்காக ஓடலாம். அந்த ஹெல்பரை எவ்வளவு கவனமாக எழுதியிருந்தாலும் கேள்வியே பொருளில்லாமல் போய்விட்டது. இன்டர்ஃபேஸ் மல்டி லிங்கா என்று கேட்க 'ஐட்ரிபிள்ஈ80211 விஃப் இஸ் எம்எல்டி' இருக்கிறது, ஆனால் அதைப் பழைய ஹெல்பருக்குள் சொருகி ஏதோ ஒரு லிங்கின் பதிலைத் திருப்புவது தீர்வில்லை.

செய்யவேண்டியது ஹெல்பரின் ஆர்கியுமென்டை மாற்றுவது. இன்டர்ஃபேஸுக்குப் பதிலாக லிங்கின் கொன்ஃபிகரேஷனைக் கேட்கச் செய்யுங்கள். உடனே கொம்பைலர் கூப்பிடுகிற எல்லா இடத்தையும் பிழையாகக் காட்டும், அந்தப் பட்டியல்தான் உங்கள் வேலைப் பட்டியல். நூறு இடத்தில் இஃபாகவே கிடந்திருந்தால் இந்தப் பட்டியல் கிடைத்திருக்காது. பெரும்பாலான இடத்தில் லிங்க் பக்கத்திலேயே இருக்கும், எடுத்துக் கொடுத்தால் சரி. லிங்க் கையில் இல்லாத இடத்தில் நின்று யோசியுங்கள்: ஒரு லிங்காவது 5இல் இருந்தால் போதுமா, எல்லா லிங்கும் இருக்கவேண்டுமா? பவர் சேவ் கணக்குக்கு ஒரு பதில் வரும், வேகப் பட்டியலுக்கு வேறு பதில் வரும். இரண்டுக்கும் வெவ்வேறு பெயரில் இரண்டு ஹெல்பர் எழுதுங்கள், பழைய பெயரை முற்றாக எடுத்துவிடுங்கள், பழைய பழக்கத்தில் ஒருவரும் அதைத் திரும்பக் கூப்பிடாதபடிக்கு.